ஒவ்வொரு வயருக்கும் மூன்று முடிச்சு

அத்தியாயம் 14

கறுப்புப் பெட்டி பாப்பம்மாவின் அரிசி டின்னுக்கு மேல் உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியைவிடப் பெரிதில்லை. ஆனால் அது வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அங்கே யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

மாத்தளையில், இரத்தோட்டை ரோட்டில் ‘மாரிமுத்து மோட்டர்ஸ்’ என்று ஒரு பலகை தொங்குகிறதே, அதற்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைதான் கராஜ். அதன் உரிமையாளர், தலைமைப் பொறியியலாளர், காசாளர், கூட்டிப் பெருக்குபவர் எல்லாம் மாரிமுத்துதான். தோட்டத்தில் கழித்துவிட்ட ஒரு ஜீப்பை ஏலத்தில் எடுத்து, எலும்பு எலும்பாகச் சேர்த்து, போன வருடம் மலைப்பாதை ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். அன்றிலிருந்து ஊர் அவரை ‘மலைச்சிங்கம்’ என்கிறது. சிங்கமும் ஒருநாளும் மறுத்ததில்லை.

இந்த வருட ஓட்டம் நாளை. வண்டிகளைப் பரிசோதிக்கும் நாள் இன்று.

மகள் வேலம்மா, வீட்டுக்கு வேலா, கொழும்பில், வாகனங்களுக்கு மின்சார வேலை செய்யும் கம்பெனி ஒன்றில் இருக்கிறாள். பெட்டியை அப்பாவுக்காகத்தான் கொண்டுவந்தாள். பியூஸ் வேண்டாம், ரிலே வேண்டாம். பெட்டரியிலிருந்து ஒரு தடித்த வயர் இதற்குள் போனால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். எங்காவது ஒரு வயர் உரசினால் அந்த ஒன்றை மட்டும் தானே நிறுத்திவிட்டு, என்ன கோளாறு என்று சின்னத் திரையில் எழுதியும் காட்டும்.

போர் நடந்துகொண்டிருந்த இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில், வயர் தொங்கும் கறுப்புப் பெட்டியோடு ஒரு தமிழ்ப் பெண் பஸ்ஸில் வந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. கண்டிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸே காலியானது. பெட்டியை ஒரு பக்கமும் அவளை ஒரு பக்கமும் உட்காரவைத்து விசாரித்தார்கள். கம்பெனி முதலாளி டெலிபோனில் மன்றாடிய பிறகு, சிங்களத்தில் “ஹரி, யன்ன”, சரி போ, என்று போகவிட்டார்கள். அவள் வாசற்படி ஏறியதும் மாரிமுத்து சொன்னது இதுதான்: “எம்புள்ளைய முழுங்கப் பாத்த பொட்டி என் ஜீப்புல ஏறாது.”

கேட்டவர்கள் கண்கலங்கினார்கள். தகப்பன் என்றால் இவரல்லவா தகப்பன்!

உண்மைக் காரணம் வேறு. அது மாரிமுத்துவுக்கும் ஒரு கண் டாக்டருக்கும் மட்டுமே தெரியும்.

“இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்திருக்கு. ஒப்பரேஷன் செய்தா சரியாகிடும். அதுவரைக்கும் வாகனம் ஓட்டாதீங்க” என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் இரண்டு விஷயங்களும் மாரிமுத்துவின் காதில் நன்றாக விழுந்தன. மூன்றாவதைச் சொல்லும்போது அவருக்குக் காது கேட்கவில்லை.

இப்போது அவருக்கு நீலமும் கறுப்பும் ஒரே நிறம். வெள்ளையும் மஞ்சளும் கூடப்பிறந்தவை. ஜீப்பின் பழைய வயர்களுக்கு என்னென்ன நிறம் என்று மனப்பாடமாகத் தெரியும். கையில் பிடித்திருக்கும் வயர் எந்த நிறம் என்பதுதான் தெரியாது. அதனால் சாமி மாடத்திலிருந்து மஞ்சள் நூல் உருண்டையை எடுத்துவந்து, யாரும் இல்லாத ஒரு மத்தியானத்தில், ஒவ்வொரு வயரின் நுனியிலும் முடிச்சுப் போட்டு வைத்தார். ஹெட்லைட்டுக்கு ஒன்று. பெட்ரோல் பம்ப்புக்கு இரண்டு. சேற்றில் மாட்டினால் வண்டியைக் கம்பி போட்டு இழுக்கும் வின்ச்சுக்கு மூன்று. ஹோர்னுக்கு நான்கு. விரல் பட்டால் போதும்.

ரிலே என்றால் வேலை செய்யும்போது ‘டிக்’ என்று சத்தம் கொடுக்கும். அதுவும் போதும். வேலாவின் பெட்டியோ சத்தமே போடாது. எல்லாவற்றையும் திரையில் எழுதும். அந்த எழுத்து அவர் கண்ணுக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

நூலை மனைவி பாப்பம்மா பார்த்துவிட்டாள். “அம்மனுக்கு நேந்துக்கிட்டீங்களா?” என்று கேட்டாள். கல்யாணம் கட்டின நாளிலிருந்து புருஷனைக் கோயில் வாசலுக்கு இழுக்கப் பாடுபட்டவள். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல மனம் வராமல், மாரிமுத்து பக்தியோடு தலையாட்டினார். அன்று மாலைக்குள் ரோட்டின் இரண்டு பக்கமும் அவர் பக்திமான் ஆகிவிட்டார்.

---

“அப்பா, கடைசியா கேக்குறேன்” என்றாள் வேலா. காலைத் தேத்தண்ணி இன்னும் சூடாக இருந்தது.

“முந்தாநாளும் இதத்தான் கடைசியா கேட்ட.”

“ஆத்துக்குள்ள எறங்குறப்ப பியூஸ் பெட்டிக்குள்ள தண்ணி போகும். போன வருஷமே போச்சு. ஷொப்பிங் பேக்க சுத்திக்கிட்டுத்தானே ஓடுனீங்க?”

“ஜெயிச்சேனா இல்லையா?”

“ஜெயிச்சது அந்த பேக்குப்பா.”

மாரிமுத்து தேத்தண்ணியை ஒரு மிடறு இழுத்தார். சிங்கம் யோசிக்கும்போது அப்படித்தான்.

“சரி, பியூஸ் போச்சுன்னா நா மாத்துவேன். பியூஸே இல்லாட்டி ஒரு துண்டுக் கம்பிய வச்சாவது வீடு வந்து சேருவேன். ஒம்பொட்டி செத்துச்சுன்னா? லைட்டு, பம்ப்பு, வின்ச்சு எல்லாம் ஒரே நேரத்துல சாகும். மலைக்கு மேல நின்னுக்கிட்டு கொழும்புக்கு போன் போட்டு அழுவியா?”

வேலா அரிசி டின் மேலிருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு, “அது நெசந்தான்” என்றாள்.

அவள் அப்படி ஒத்துக்கொண்டது மாரிமுத்துவுக்குப் பிடிக்கவில்லை. எதிர்த்துப் பேசினால் சுலபம். ஒத்துக்கொண்டால் மனசாட்சி வந்து பக்கத்தில் உட்காருகிறது.

பாப்பம்மா கராஜ் பக்கமிருந்து கற்பூரத் தட்டோடு வந்தாள். குளித்த தலையில் துண்டு. இடுப்பில் எதையோ செருகியிருந்தாள்.

“எங்க போயிட்டு வார?”

“ஜீப்புக்கு கற்பூரம் காட்டினேன். ஒரு சின்ன வேல பாக்கியிருந்துச்சு, அதையும் முடிச்சிட்டேன்.”

“என்ன வேல?”

“பொம்பளைங்க வேல. நீங்க போங்க, நேரமாகுது” என்றவளின் குரலில் அப்படி ஒரு திருப்தி இருந்தது.

---

பழைய தேயிலை ஸ்டோர் மைதானம் பத்து நிமிடத் தூரம். மாரிமுத்துதான் ஓட்டினார். லொறி ஓட்டிய காலத்திலிருந்து பழகிய ரோடு; எந்த வளைவு எங்கே வரும் என்று உடம்புக்குத் தெரியும். ஆனால் ரோட்டோரம் யாரோ புதிதாகக் கொட்டியிருந்த கருங்கல் குவியலை உடம்புக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. இடது சக்கரம் அதில் ஏறி இறங்கியது. வேலாவின் கை டாஷ்போர்டைப் பிடித்தது.

“அப்பா! கல்லு!”

“தெரியும். டயர பதம் பாத்தேன்.”

வேலா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்; கொஞ்சம் அதிகமாகவே.

மைதான வாசலில் கணபதி நின்றுகொண்டிருந்தார். அகில இலங்கை சமாதான நீதவான், மிளகு வர்த்தகர், மாத்தளை மாவட்ட மலைப்பாதை வாகன விளையாட்டுச் சங்கத்தின் நிறுவுநர், ஆயுட்காலத் தலைவர், தேசத்தின் சுடர் கணபதி. ஐந்தாம் வகுப்பில் மாரிமுத்துவின் சிலேட்டைத் திருடியவரும் இவர்தான்.

மாரிமுத்து ஜீப்பை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார். “என்ன கணபதி, வெள்ளனவே வந்துட்ட! ஆளு கொஞ்சம் மெலிஞ்சிட்ட போல இருக்கே? ஒடம்புக்கு முடியலியா?”

கணபதி பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அது பலகையில் வெட்டி நிறுத்திய கட்அவுட்.

சுற்றி நின்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். நாவுலயிலிருந்து வந்த ஓட்டக்காரர்கள் கைதட்டினார்கள். சிங்கத்துக்கு என்ன நக்கல் பாரு என்று ஒருவன் சொன்னான். கட்அவுட்டுக்குப் பின்னால் நின்ற அசல் கணபதி, நெஞ்சில் குத்தியிருந்த சாட்டின் பூவை நேராக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவர் மெலியவில்லை.

வேலா மட்டும் சிரிக்கவில்லை.

பரிசோதகர் ஹுசைன், டவுனில் பெட்டரிக் கடை வைத்திருப்பவர். அதிகம் பேசமாட்டார். ஆனால் பரிசோதனையின் விதியை வகுத்தது கணபதி. வயர் எது, வாழைநார் எது என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் மேடையில் சொல்ல ஒரு விதி அவசியமாகப்பட்டது. மலையில் மெக்கானிக் வரமாட்டான். ஆகவே ஹுசைன் இரண்டு வயரைப் பிடுங்கிவிடுவார். ஓட்டுபவரே, யாருடைய உதவியும் இல்லாமல், அவற்றைத் திரும்பப் பூட்டவேண்டும்.

மாரிமுத்துவுக்கு உள்ளூரச் சந்தோஷம். இந்த விதி அவருடைய முடிச்சுகளுக்காகவே பிறந்தது.

“மாரி அண்ணே, புடுங்கிட்டேன். பாருங்க” என்றார் ஹுசைன்.

மேடையில் கணபதி மைக்கைப் பிடித்தார். “பெருமதிப்புக்குரிய மாத்தளை வாழ் மக்களே! இதோ, நமது மண்ணின் மலைச்சிங்கம் திருவாளர் மாரிமுத்து அவர்கள், அந்நிய நாட்டுப் பெட்டிகளைப் புறங்கையால் தள்ளி…”

மாரிமுத்து பொனட்டுக்குள் கையை விட்டார். தொங்கிக்கொண்டிருந்த முதல் வயரைப் பிடித்து விரலை ஓட்டினார். முடிச்சு மூன்று.

அப்படியென்றால் வின்ச். சரி.

அடுத்த வயர். அதிலும் மூன்று.

அவர் விரலை மறுபடி ஓட்டினார். மூன்றுதான். பிடுங்காமல் இருந்த பக்கத்து வயரைத் தொட்டுப் பார்த்தார். மூன்று. அதற்கடுத்தது மூன்று. அதற்கும் அடுத்தது மூன்று.

கற்பூரத் தட்டு நினைவுக்கு வந்தது. பொம்பளைங்க வேல!

கோபம் வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை. முடிச்சு ஒவ்வொன்றும் இறுக்கமாக, சின்னதாக, நுனியைப் பல்லால் கடித்து விட்டதாக இருந்தது. பாப்பம்மா அப்படித்தான் முடிச்சுப் போடுவாள். குளித்துவிட்டு, ஈரத்தலையோடு, எண்ணெய்க் கறைக்குள் குனிந்து நின்று எத்தனை முடிச்சுப் போட்டிருப்பாள்!

“…விஞ்ஞானம் என்பது யாது? அது வெளியூரிலிருந்தா வரவேண்டும்? இல்லை, இல்லவே இல்லை! அது நமது…”

மாரிமுத்து துணிந்து ஒரு வயரை ஒரு முனையில் அழுத்தினார்.

ஹோர்ன் அலறியது.

அது தோட்டத்து ஜீப்பின் ஹோர்ன். மூன்று டிவிஷனுக்குக் கேட்கவேண்டும் என்று அந்தக் காலத்துத் தொரை பூட்டியது. கணபதியின் வாய் திறந்து மூடியது; ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை. அவருடைய வாழ்நாளில் அதுவே மிகச் சிறந்த பேச்சு என்று பின்வரிசையில் யாரோ சொன்னதாகத் தகவல்.

மாரிமுத்து சாவியைத் திருப்பினார். ஹோர்ன் நிற்கவில்லை. பூட்டிய வயரைப் பிடுங்கப் போனார். எதைப் பூட்டினோம்? எல்லாம் மூன்று. எல்லாம் கறுப்பு. ஒன்றைப் பிடுங்கினார், ரிலே ஒன்று ‘டிக்’ என்றது. இன்னொன்றைப் பிடுங்கினார். ஹோர்ன் சளைக்கவில்லை. நெற்றி வியர்வை இறங்கிக் கண்ணை எரித்தது; இருந்த கொஞ்சப் பார்வையும் கலங்கியது.

அப்போது அவர் கைமேல் ஒரு கை வந்து படிந்தது. வளையல் இல்லாத, விரல் நுனி காய்த்துப்போன கை. அது அவருடைய விரல்களைப் பிடித்து இடது பக்கம் நகர்த்தி, ஒரு வயரில் வைத்தது. அவர் இழுத்தார்.

மைதானம் நிசப்தமானது.

“மெதுவா நிமிருங்கப்பா” என்றாள் வேலா, அவருக்கு மட்டும் கேட்கும்படி. “பாத்து. பொனட்டு தலையில இடிக்கும்.”

கணபதி மைக்கில் தொண்டையைச் செருமினார். “உதவி பெறுவது விதிக்கு…”

“நா இன்னும் ஒண்ணும் எழுதல தலைவரே” என்றார் ஹுசைன். அவர் மாரிமுத்துவின் முகத்தைப் பார்த்தார், பிறகு அந்த மஞ்சள் நூலைப் பார்த்தார். “பழைய வயரு. இத்துப்போய் கெடக்கு. மாரி அண்ணே, வீட்டுக்குப் போய் வயர ஒழுங்குபடுத்துங்க. அந்திக்கு நானே கராஜுக்கு வந்து பாக்குறேன்.”

பிடுங்கிய வயர்களைப் பூட்டிவிட்டு, திரும்பும்போது வேலாதான் ஓட்டினாள். யாரும் யாரிடமும் சாவி கேட்கவில்லை. அவள் கருங்கல் குவியலைச் சுற்றி வளைத்துப் போனதை மட்டும் மாரிமுத்துவின் உடம்பு கவனித்தது.

---

கொட்டகைக்குள் வந்ததும் வேலா சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, பொனட்டைத் திறந்து ஒரு வயரைத் தூக்கிக் காட்டினாள்.

“இது என்ன நெறம்ப்பா?”

“நெறமா இப்ப முக்கியம்?”

“சொல்லுங்க.”

“கறுப்பு.”

“நீலம்ப்பா.”

பிளேன்டீயோடு உள்ளே வந்த பாப்பம்மா வாசலிலேயே நின்றாள்.

மாரிமுத்து ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னார். இந்தத் தடவை மூன்றாவது விஷயத்தையும் சேர்த்தே சொன்னார். முடிச்சுக் கணக்கையும் சொன்னார். ஹெட்லைட்டுக்கு ஒன்று, பம்ப்புக்கு இரண்டு, வின்ச்சுக்கு மூன்று, ஹோர்னுக்கு நான்கு.

பாப்பம்மா தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.

“ஐயையோ” என்றாள் மெதுவாக. “ஒண்ணுக்கு ஒத்த முடிச்சு, ஒண்ணுக்கு நாலு. அம்மனுக்கு கட்டுற நூலுல இப்படி ஓரவஞ்சன பண்ணலாமா, ஆம்பளைக்கு என்ன தெரியும்னு நெனச்சேன். நல்ல காரியத்துக்கு மூணு முடிச்சுத்தானே? அதான் எல்லாத்துக்கும் மூணு மூணா…”

அவளால் முடிக்க முடியவில்லை. மாரிமுத்து சிரிக்கத் தொடங்கியிருந்தார். சத்தமில்லாமல் தொடங்கி, தோள் குலுங்கி, கடைசியில் இருமல் வந்துவிட்டது.

“ஹோர்னுக்கும் தாலி கட்டிட்டியே பாப்பம்மா!”

“சிரிக்காதீங்க!” தோளில் கிடந்த துண்டால் அவரை அடித்தாள். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நீங்க சாமி கும்புடுறீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. எம்மொகமாவது தெரியுதா, இல்லியா?”

“ஒன் சத்தம் கேக்குதே. அது போதும்.”

அவள் மறுபடியும் அடிக்கத் துண்டை ஓங்கினாள். ஆனால் அடிக்காமல், அதாலேயே அவருடைய நெற்றி வியர்வையையும், காதோரம் ஒட்டியிருந்த கிரீஸையும் துடைத்துவிட்டாள். பிறகு அதே துண்டில் தன் மூக்கையும் துடைத்துக்கொண்டாள். கிரீஸ் அவள் மூக்கில் ஒட்டியது. அதைச் சொல்லும் துணிச்சல் கொட்டகையில் யாருக்கும் இல்லை.

“வேலா” என்றார் மாரிமுத்து. “பொட்டிய எடுத்தா. மாட்டு.”

“எனக்காக சொல்லாதீங்கப்பா.”

“ஒனக்காக இல்ல. இந்த வயரு இத்துப்போச்சு. எனக்குத் தெரியாமலா? தெரிஞ்சும் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். வேற எதையும் பிடிச்சுக்க தெரியல.”

வேலா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “ஆனா நீங்க சொன்னதும் சரிதானே. இது செத்தா எல்லாம் சாகும்.”

“அப்ப பம்ப்பையும் இக்னிஷனையும் இதுல சேக்காத. அது ரெண்டையும் புது வயர் போட்டு, பழையபடி பியூஸ்லயே உடு. லைட்டு, வின்ச்சு, ரேடியேட்டர் பேன், ஹோர்ன் எல்லாம் பொட்டிக்குள்ள போகட்டும். பொட்டி செத்தாலும் எஞ்சின் ஓடும். ஜீப்பு வீடு வந்து சேந்துரும்.”

வேலா ஒரு கணம் யோசித்தாள். “எங்க கம்பெனில யாருக்கும் இது தோணல.”

“அவங்க யாரும் ரிவர்ஸ்டன் ஏத்தத்துல லொறிய விட்டுட்டு நடந்து வந்ததில்ல” என்றார் மாரிமுத்து. கொஞ்சம் சிங்கம் திரும்பியிருந்தது.

மத்தியானம் முழுவதும் மூவரும் அங்கேயே இருந்தார்கள். வேலா வெட்டினாள், பூட்டினாள், ஈயம் உருக்கினாள். மாரிமுத்து பிடித்துக்கொண்டார், எந்த வயர் எந்தச் சட்டத்துக்குப் பின்னால் போனால் கல் அடிக்காது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாப்பம்மா கழற்றிப்போட்ட பழைய வயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, தான் கட்டிய நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அம்மன் நூல் குப்பைக்குப் போகக்கூடாது.

முடிந்ததும் வேலா பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. ஹெட்லைட் எரிந்தது. அதைக் கொட்டகைச் சுவரில் ஒரு மஞ்சள் மூட்டமாக மாரிமுத்துவும் பார்த்தார்.

“உக்காந்து பாருங்கப்பா.”

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் புதிய சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. ஒரே மாதிரி, வழவழவென்று. எது எதற்கு என்று கீழே எழுதியிருக்கும். எறும்புகள். அவர் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி முதல் சுவிட்சைத் தொட்டார்.

அதன் கழுத்தில் நூல் சுற்றியிருந்தது. ஒரு முடிச்சு.

பக்கத்தில், பழைய பியூஸுக்குப் போகும் பம்ப்புச் சுவிட்ச். இரண்டு. அடுத்ததில் மூன்று. அதற்கும் அடுத்ததில் நான்கு.

பாப்பம்மா அவிழ்த்த நூல். வேலா கட்டிய முடிச்சு. எப்போது கட்டினாள் என்று தெரியவில்லை. மாரிமுத்து ஒன்றிலிருந்து நான்குவரை போய், நான்கிலிருந்து ஒன்றுவரை திரும்பி வந்தார்.

“இப்ப எல்லாம் சரி. நாளைக்கு கணபதி வாய மூடிடலாம்” என்றார்.

வேலா ஜீப்பின் ஓரத்தில் வந்து நின்றாள்.

“சுவிட்சுக்கு முடிச்சு போட்டுட்டேன்ப்பா. மலையில கெடக்குற பாறைக்கெல்லாம் யாரு முடிச்சு போடுறது?”

மாரிமுத்துவின் விரல் முதல் முடிச்சிலேயே நின்றது. தகரத்துக்கு மேல் ஒரு காகம் நடக்கும் சத்தம் கேட்டது.

“சாவியக் குடுங்க. நா ஓட்டுறேன். நீங்க பக்கத்துல உக்காந்து பாதை சொல்லுங்க. எந்த வளைவு எங்கன்னு ஒங்களுக்குத்தானே மனப்பாடம்? பாதை ஒங்களோடது, பாறை என்னோடது.”

அந்தப் பக்கத்திலிருந்து பாப்பம்மாவும் கையை நீட்டினாள். “வேணாம். எங்கிட்ட குடுங்க. ஒருத்தருக்கு கண்ணு போச்சு. இன்னொருத்தியையும் மலையில ஏத்திட்டு நா வீட்டுல உக்காந்துக்கிட்டு இருக்கணுமா? கண்டியில இவள பிடிச்சு வச்ச அன்னைக்கு டெலிபோனுக்குப் பக்கத்துல உக்காந்தது போதாதா?”

சாவி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. வெளியே எடுத்தார். முகத்துக்கு முன்னால் இரண்டு கைகள், இரண்டு மங்கிய வெளிச்சங்கள். ஒன்றில் மஞ்சள் வாசம். ஒன்றில் உருகிய ஈயத்தின் வாசம். இதற்குக் கண் தேவைப்படவில்லை.

ஈயம் மணத்த கையில் சாவியை வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

வெறுமையாக நீண்டிருந்த மற்றக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவள் அதை இழுத்துக்கொள்ளவில்லை.

“வர்ற வாரம் கண் டாக்டர்கிட்ட போவம்” என்றார். “நீயும் கூட வா. மூணாவதா அவரு என்ன சொன்னாலும் நீ கேட்டுக்க.”

பாப்பம்மா மூக்கை உறிஞ்சினாள். “அதெல்லாம் சரி. மலைச்சிங்கம்னு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டி வச்சிருக்காரே ஒங்க சிநேகிதரு. ஓட்டப்போறது பொம்பளப்புள்ளன்னு அவருகிட்ட யாரு சொல்றது?”

யாரும் பதில் சொல்லுமுன் ரோட்டிலிருந்து ஒரு த்ரீவீலர் திரும்பி வந்து வாசலில் நின்றது. முதலில் ஹுசைன் இறங்கினார். அவருக்குப் பின்னால், இறங்குவதற்குக் கொஞ்சம் சிரமப்பட்டுக்கொண்டு, ஒரு சாட்டின் பூ இறங்கியது.

மாரிமுத்து பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தார்; ஜீப்பின் ஓட்டுநர் இருக்கையில் வேலா ஏறி உட்கார்ந்தாள்.